எதிர்ப்புச் செல்லே கட்சி மாறினால்?

கேள்வி: அப்பாவுக்கு 64 வயது, மல்டிபிள் மைலோமா (எலும்பு மஜ்ஜையில் வரும் ரத்தப் புற்றுநோய்). போர்டெசோமிப் ஊசி, லெனலிடோமைடு, டெக்சாமெத்தசோன் மாத்திரைகள் போகின்றன. 'நம் எதிர்ப்புச் செல்களே ரத்தப் புற்றுநோயை வளர்க்கின்றன, அவற்றைத் தாக்கும் புதிய சிகிச்சை வந்துவிட்டது' என்று வாட்ஸ்அப்பில் வந்தது. அப்படியானால் எதிர்ப்புச் சக்திக்காக நாங்கள் கொடுக்கும் கஷாயமும் கிரீன் டீ மாத்திரையும் கெடுதலா? புதிய சிகிச்சைக்கு மாறலாமா?

பதில்: முதல் பாதி உண்மைதான். எலும்பு மஜ்ஜையில் மேக்ரோஃபேஜ் என்ற செல்கள் உண்டு. கிருமிகளையும் செத்த செல்களையும் விழுங்குவது அவற்றின் வேலை. மைலோமா செல்களோடு பழகிப் பழகி இவை கட்சி மாறிவிடுகின்றன; ஐஎல்-6 போன்ற புரதங்களைச் சுரந்து அந்தச் செல்களுக்கே தீனி போடுகின்றன. இன்னொரு பக்கம், சண்டை எல்லை மீறாமல் பார்த்துக்கொள்ளும் டி-ரெக் செல்கள், புற்றுநோயைத் தாக்க வரும் டி செல்களையும் அடக்கி உட்கார வைக்கின்றன. ஆக, எதிர்ப்புச் சக்தி கூடியதா குறைந்ததா என்பதல்ல இங்கே பிரச்சினை. எந்தச் செல் யார் பக்கம் என்பதுதான். அதைக் கஷாயம் தீர்மானிக்காது.

சரி, மாறலாமா? மேக்ரோஃபேஜை மறுபடி நம் பக்கம் இழுக்க மாக்ரோலிமாப் என்ற மருந்து வந்தது. புற்றுச்செல் தன்மேல் மாட்டிக்கொள்ளும் 'என்னைத் தின்னாதே' பலகையை (சிடி47 என்று பெயர்) அது மறைக்கும். 2020-ல் கிலியட் நிறுவனம், அதை உருவாக்கிய கம்பெனியையே 490 கோடி டாலர் கொடுத்து வாங்கியது. லூக்கேமியா என்ற இன்னொரு வகை ரத்தப் புற்றுநோய் உள்ளவர்களிடம் நடந்த பெரிய சோதனைகளில் பலன் இல்லை, மரண ஆபத்துதான் கூடியது. 2024-ல் ரத்தப் புற்றுநோய்க்கு அதைக் கைவிட்டார்கள். எனக்கும் ஏமாற்றம்தான்.

ஆனால் டாராடுமுமாப் கதை வேறு. மைலோமா செல்லைக் கொல்வதற்காக 2015-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற ஊசி அது. அப்புறம்தான், அடக்கிவைக்கும் டி-ரெக் செல்களில் ஒரு பகுதியையும் அது சேர்த்தே காலி செய்வது தெரியவந்தது. அப்பா சாப்பிடும் லெனலிடோமைடும் டி செல்களைத் தட்டி எழுப்பும் மருந்துதான். எனவே இருப்பதை நிறுத்த வேண்டாம். டாராடுமுமாப் சேர்க்கலாமா என்று உங்கள் டாக்டரிடம் கேளுங்கள்; செலவையும் கேளுங்கள், கூடுதல்தான். சேர்த்தால், முதல் ஊசிக்கு முன்பே ரத்த வகைப் பரிசோதனையை முடித்துவிடுங்கள். பின்னால் ரத்தம் ஏற்ற வேண்டி வந்தால், ரத்தம் பொருத்திப் பார்க்கும் சோதனையை அந்த மருந்து குழப்பிவிடும்.

கிரீன் டீ மாத்திரையை இன்றே நிறுத்துங்கள். அதிலுள்ள ஒரு பொருள் போர்டெசோமிபோடு ஒட்டிக்கொண்டு மருந்தை வேலை செய்ய விடாமல் தடுப்பதை ஆய்வகத்தில் பார்த்திருக்கிறார்கள். கஷாயத்தில் என்னென்ன சேருகிறது என்று எழுதி டாக்டரிடம் காட்டுங்கள், அதுவரை வேண்டாம். காய்ச்சல் 100.4-ஐத் தொட்டால், ராத்திரியானாலும் காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள்.