அகிம்சையை ஏற்கக் கடவுளை நம்பியாக வேண்டுமா?

கேள்வி: அகிம்சை அடிப்படையில் ஒரு மதக் கொள்கைதானே? கடவுள் நம்பிக்கை இல்லாத ஒருவர் அதை அரசியலில் நேர்மையாக ஏற்க முடியுமா, இல்லை வெறும் உத்தியாகத்தான் பயன்படுத்த முடியுமா?

எனக்குக் கடவுள் நம்பிக்கை கிடையாது, அகிம்சையில் உண்டு. அதனால் நடுவர் இருக்கையில் உட்கார்ந்து இதை எழுதவில்லை. முடியும் என்பதுதான் என் பதில். ஆனால் மதம் இந்த விஷயத்தில் உண்மையில் என்ன வேலை செய்தது என்று பார்க்காமல் அப்படிச் சொல்லிவிட்டுப் போவது மேம்போக்கான பதிலாகிவிடும்.

முதலில், மத நூல்களில் இருந்து அகிம்சை நேரடியாக வந்துவிடுவதில்லை. 1920 ஜனவரியில் காந்தியின் 'யங் இந்தியா' வார இதழில் திலகர் காந்திக்கு எழுதிய கடிதம் இதற்கு நல்ல சான்று. அரசியல் என்பது உலகியல் மனிதர்களின் ஆட்டம், சாதுக்களுடையது அல்ல என்றார் திலகர். கோபத்தைக் கோபமின்மையால் வெல் என்ற புத்தர் வாக்கைவிட, யார் என்னை எப்படி அணுகுகிறார்களோ அவர்களை நானும் அப்படியே அணுகுகிறேன் என்ற கிருஷ்ணன் வாக்கே தனக்கு ஏற்புடையது என்றும் சொன்னார். உலகம் சாதுக்களுக்கு இல்லை என்று நினைப்பது மனச்சோம்பல் என்று காந்தி திருப்பிக் கொடுத்தார். இருவருமே கீதையைக் கரைத்துக் குடித்தவர்கள், இருவருமே அதற்கு உரை எழுதியவர்கள். ஒருவருக்கு அது கர்மவீரனின் நூல், மற்றவருக்கு மனதுக்குள் நடக்கும் போரைப் பற்றிய நூல்.

நம் குறளையே எடுத்துக்கொள்ளுங்கள். ரஷ்ய எழுத்தாளர் டால்ஸ்டாய் 1908இல் இந்தியப் புரட்சியாளர் தாரக்நாத் தாஸுக்கு எழுதிய நீண்ட கடிதத்தில் இன்னா செய்யாமை அதிகாரத்தை மேற்கோள் காட்டுகிறார். தீங்கு செய்தவன் நாணும்படி நன்மை செய்துவிடு என்பது அதில் வருகிறது. அந்தக் கடிதத்தைக் காந்தி குஜராத்தியில் மொழிபெயர்த்தார். சரி, அறத்துப்பாலை விட்டுப் பொருட்பாலுக்குப் போனால், கொடியவர்களை அரசன் கொலைத் தண்டனையால் ஒறுப்பது பயிருக்குக் களை எடுப்பது போல என்று செங்கோன்மை அதிகாரம் சொல்கிறது. இதை முரண்பாடு என்று நான் சொல்லமாட்டேன். தனிமனிதனுக்கு ஒன்று, அரசுக்கு இன்னொன்று என்ற பிரிவினை பெரும்பாலான மரபுகளில் உண்டு. அந்தப் பிரிவினையை ஒப்புக்கொள்ள மாட்டேன் என்று டால்ஸ்டாயும் காந்தியும் நின்றதுதான் புதிது. அது மதத்துக்குள் இருந்தே மதத்தோடு போட்ட சண்டை.

அப்படியென்றால் மதம் என்னதான் கொடுத்தது? என் கணிப்பில், வாதத்தைக் கொடுத்ததைவிடப் பிணைப்பைக் கொடுத்தது.

1906 செப்டம்பர் 11. தென்னாப்பிரிக்காவின் ஜோகன்னஸ்பர்க் எம்பயர் தியேட்டரில் கூட்டம் நிரம்பி வழிகிறது. அந்த நகரம் இருந்த டிரான்ஸ்வால் பகுதியில் வாழும் ஆசியர்கள் கைரேகை கொடுத்துப் பதிவு செய்து, அந்தச் சான்றை எப்போதும் கையில் வைத்திருக்க வேண்டும் என்ற அவசரச் சட்டத்தை எதிர்த்துக் கூடியவர்கள். சட்டத்துக்குப் பணிய மாட்டோம் என்ற தீர்மானம் வருகிறது. இதைக் கடவுள் சாட்சியாக நிறைவேற்ற வேண்டும் என்று சேட் ஹாஜி ஹபீப் எழுந்து சொல்கிறார். காந்தி திடுக்கிட்டுப் போனதாக அவரே எழுதியிருக்கிறார். தீர்மானத்தோடு வந்த காந்தியிடம் சபதத்துக்கான யோசனை அதுவரை இல்லை. அது அந்த முஸ்லிம் வணிகரிடமிருந்து வந்தது. (மறுநாள் அந்தத் தியேட்டர் தீப்பிடித்து எரிந்துபோனது. நல்ல சகுனம், சட்டமும் இப்படித்தான் போகும் என்று நண்பர்கள் வந்து சொன்னார்களாம். காந்தி அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.)

அடுத்து அவர் செய்ததுதான் எனக்கு முக்கியம். உணர்ச்சி கொதிக்கும் கூட்டத்தை உடனே கை தூக்கச் சொல்லாமல், நிறுத்தி விளக்குகிறார். சாதாரணத் தீர்மானம் என்றால் பெரும்பான்மை போதும், பிற்பாடு திருத்தலாம். சபதம் அப்படி இல்லை, அவரவர் தனித்தனியாக எடுப்பது. பக்கத்தில் இருப்பவர் எடுக்கிறாரே என்று எடுக்கக் கூடாது. சிறை வரலாம், பட்டினி வரலாம், கசையடி வரலாம், சொத்து போகலாம், நாடு கடத்தலாம். எல்லோரும் விலகிப்போய்த் தான் ஒருவன் மட்டும் மிஞ்சினாலும் மீறமாட்டேன் என்று நினைப்பவர் மட்டும் எடுக்கட்டும் என்கிறார். பிறகுதான் எல்லோரும் எழுந்து நின்று கையுயர்த்துகிறார்கள்.

இதில் கடவுள் சாட்சி. உண்மைதான். ஆனால் அந்த விளக்கத்தில் இருக்கும் சுமை முழுவதையும் கடவுள் பெயர் இல்லாமலும் தூக்க முடியும். யாரும் பார்க்காதபோதும், தோற்றுக்கொண்டிருக்கும்போதும், கூட நின்றவர்கள் போய்விட்டபோதும் என் வார்த்தை என்னைக் கட்டும் என்பதுதான் அங்கே கேட்கப்பட்டது.

இதே பிணைப்பைப் பின்னாளில் பல இடங்களில் பார்க்கலாம். எல்லைப்புறப் பட்டாணியர் தலைவர் கான் அப்துல் கபார் கானின் அகிம்சைத் தொண்டர் படையான குதாயி கித்மத்கார்கள் உறுதிமொழி எடுத்துத்தான் சேர்ந்தார்கள். 1963இல் அமெரிக்காவின் பர்மிங்காமில் மார்ட்டின் லூதர் கிங் நடத்திய கறுப்பின உரிமைப் போராட்டத்துக்கு வந்த தொண்டர்கள் ஓர் அட்டையில் கையெழுத்திட்டார்கள். இயேசுவின் வாழ்வையும் போதனையையும் நாள்தோறும் தியானிப்பேன் என்பது அதில் முதல் வரி. கையாலும் நாவாலும் நெஞ்சாலும் வன்முறை செய்ய மாட்டேன் என்பது இன்னொரு வரி. முதல் வரிக்கு என்னால் நேர்மையாகக் கையெழுத்திட முடியாது. இரண்டாவதற்கு முடியும், ஆனால் முதலாவதைவிட அதுதான் கஷ்டம். 'நெஞ்சாலும்' என்று போட்டிருக்கிறார்களே!

இப்போது உங்கள் கேள்வியின் இரண்டாம் பாதி, வெறும் உத்தி. 1922 பிப்ரவரியில் சௌரி சௌராவில் காவல் நிலையம் எரிக்கப்பட்டுக் காவலர்கள் கொல்லப்பட்டதும் காந்தி இயக்கத்தையே நிறுத்தினார். சிறையில் இருந்த நேரு கொதித்துப்போனார். ஏதோ ஒரு மூலையில் நடந்த சம்பவத்துக்காக நாட்டின் போராட்டத்தை நிறுத்துவதா என்பது அவர் கேள்வி. காங்கிரசுக்கு அகிம்சை மதமோ மாற்ற முடியாத சமயக் கோட்பாடோ ஆக முடியாது, பலன் தரும் என்று நம்பி எடுத்த கொள்கை, வழிமுறை, அவ்வளவுதான் என்று தன் வரலாற்றில் எழுதினார். 1940 ஜூலையில் பூனாவில் இது கட்சி அளவிலேயே வெளிப்பட்டது. தேசிய அரசை அமைக்க விட்டால் இரண்டாம் உலகப் போரில் பிரிட்டனுக்கு ஒத்துழைப்போம் என்று காங்கிரஸ் முன்வந்தது. அந்த நிலைப்பாட்டை முன்னின்று நடத்தியவர் ராஜாஜி, நேருவைப் போல மதத்திலிருந்து விலகி நின்றவர் அல்ல. அகிம்சையை விட முடியாது என்று காரியக் கமிட்டியிலிருந்து விலகியவர் கபார் கான். பக்திமான்கள் இரண்டு பக்கமும் இருந்தார்கள். ஆக, நம்பிக்கை உள்ளவருக்கு அகிம்சை அறம், இல்லாதவருக்கு உத்தி என்ற கோடு வரலாற்றில் அவ்வளவு சுத்தமாக விழவில்லை.

உத்தி என்பதை இழிவாகப் பேசவும் கூடாது. அமெரிக்க அரசியல் அறிஞர் ஜீன் ஷார்ப் கொரியப் போர்க் காலத்தில் கட்டாய ராணுவச் சேர்க்கையை எதிர்த்துச் சிறை சென்றவர். அப்புறம் 1973இல் எழுதிய பெரிய நூலில் மத, ஒழுக்க அடித்தளத்தை ஓரமாக வைத்துவிட்டு 198 வழிமுறைகளைப் பட்டியலிட்டார். ஆளப்படுபவர்கள் ஒத்துழைப்பதால்தான் ஆட்சி நிற்கிறது, அதை நிறுத்தினால் ஆட்சி விழும் என்பது அவர் அடிப்படை. எரிக்கா செனோவெத், மரியா ஸ்டீபன் என்ற இரு ஆய்வாளர்கள் 1900 முதல் 2006 வரை நடந்த 323 இயக்கங்களை எடுத்துப் பார்த்தார்கள். வன்முறையற்றவை 53 சதவீதம் வென்றன, வன்முறை இயக்கங்கள் 26 சதவீதம். நாத்திகர்கள் இந்த எண்ணைக் காட்டிச் சந்தோஷப்படுவதைப் பார்த்திருக்கிறேன். எனக்கு அதில் கண்ணில் படுவது மிச்சம் 47. கிட்டத்தட்டப் பாதி அகிம்சை இயக்கங்கள் முழு வெற்றி பெறவில்லை. வெற்றி வாய்ப்புதான் ஒரே காரணம் என்றால், தோற்கப்போகிறோம் என்று தெரிந்த அன்றைக்கு அந்தக் காரணமும் போய்விடுகிறது.

சபதம் எடுத்த அதே தென்னாப்பிரிக்காவிலேயே இது நடந்தது. 1960 மார்ச் 21 அன்று ஷார்ப்வில்லில் போலீஸ் சுட்டதில் 69 பேர் இறந்தார்கள். ஆப்பிரிக்க தேசிய காங்கிரஸ் தடை செய்யப்பட்டது. அதன் தலைவர் ஆல்பர்ட் லுத்துலி, ஆழ்ந்த கிறிஸ்தவர், 1961 டிசம்பர் 10 அன்று ஆஸ்லோவில் அமைதிக்கான நோபல் பரிசு வாங்கினார். டிசம்பர் 16 அன்று மண்டேலாவும் மற்றவர்களும் அமைத்த ஆயுதப் பிரிவின் முதல் குண்டுகள் வெடித்தன. ஆறே நாள் இடைவெளி. அகிம்சை தனக்கு ஒரு தந்திரமே, மீற முடியாத அறமல்ல என்று மண்டேலா ஒளிக்காமல் சொன்னவர். பயன்பட்டவரை பயன்படுத்தினார், பயன்படாதபோது விட்டார். இதில் நேர்மைக் குறைவு எதுவும் எனக்குத் தெரியவில்லை. உங்கள் கேள்வியில் 'வெறும்' என்ற சொல்லை எடுத்துவிட்டால், உத்தியாக ஏற்பதும் நேர்மையான ஏற்புதான். அந்த வழியை எடுப்பவர் எந்த இடத்தில் விடுவேன் என்பதை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும், அவ்வளவே.

அறமாக ஏற்பவர்களிடம் கேட்க வேண்டிய கேள்வி இன்னும் கடுமையானது. ஜெர்மன் சமூகவியலாளர் மாக்ஸ் வெபர் 1919 ஜனவரியில் மியூனிக்கில் மாணவர்களிடம் பேசியபோது அதைக் கேட்டார். தீமையை எதிர்க்காதே என்ற இயேசுவின் மலைப்பிரசங்கத்தின்படி வாழ்பவன் முழு ஞானியாக இருக்க வேண்டும். அரசியல்வாதிக்கோ தன் செயலின், செயலின்மையின் விளைவுக்குப் பொறுப்பு உண்டு. நான் அடிக்கவில்லை என்பது என் கை சுத்தம் என்று மட்டும்தான் சொல்கிறது, நான் தடுக்காததால் அடிபட்டவனைப் பற்றி அது ஒன்றும் சொல்வதில்லை. யூதர்கள் ஜெர்மனியில் சத்தியாகிரகம் செய்ய வேண்டும் என்று காந்தி 1938 நவம்பரில் எழுதியபோது யூதத் தத்துவவாதி மார்ட்டின் பூபர் பதறிப்போய் எழுதிய பதிலின் சாரமும் இதுதான். வன்முறையை விரும்பவில்லை, ஆனால் தீமை நன்மையை அழிப்பதைத் தடுக்க வேறு வழியே இல்லையென்றால் பலத்தைப் பயன்படுத்திவிட்டுக் கடவுள் கையில் என்னை ஒப்படைப்பேன் என்றார் அவர். இங்கேயும் கடவுள் வருகிறார், காந்திக்கு எதிர்ப்பக்கத்தில்.

என் நிலை இது: என் உடம்பின்மேல் விழும் அடியைத் திருப்பித் தர மாட்டேன் என்று முடிவெடுக்க எனக்கு முழு உரிமை உண்டு. இன்னொருவர்மேல் விழும் அடியை அவர் சார்பாகத் தாங்கிக்கொள்ள முடிவெடுக்க எனக்கு உரிமை இல்லை. ஜோகன்னஸ்பர்க் அரங்கில் அவரவர் தனித்தனியாக என்று காந்தி வற்புறுத்தியது இதனால்தான் எனக்குப் பிடிக்கிறது. பின்னாளில் ஒரு இனத்துக்கே ஆலோசனை சொன்னபோது அந்த வற்புறுத்தல் தளர்ந்துவிட்டது என்று நினைக்கிறேன்.

காந்தியே நாத்திகருக்குக் கதவைத் திறந்து வைத்தவர் என்பதையும் சொல்ல வேண்டும். 1931 டிசம்பரில் சுவிட்சர்லாந்தின் லொசானில் பேசும்போது, கடவுளே உண்மை என்று சொல்லிவந்த தான் உண்மையே கடவுள் என்ற இடத்துக்கு வந்துவிட்டதாகச் சொன்னார். கடவுளை மறுப்பவர்கள்கூட உண்மையின் தேவையை மறுப்பதில்லை என்பது அவர் காரணம். இது வெறும் வார்த்தை விளையாட்டு என்பவர்கள் கோராவின் கதையைப் பார்க்கலாம். ஆந்திரத்தைச் சேர்ந்த நாத்திகரான கோபராஜு ராமச்சந்திர ராவ் 1940களில் சேவாகிராமத்தில் காந்தியோடு வாதாடினார். என் ஆத்திகம் சரி என்றோ உங்கள் நாத்திகம் தவறு என்றோ என்னால் சொல்ல முடியாது என்று காந்தி ஒப்புக்கொண்டார். கோரா தன் மகளைத் தீண்டத்தகாதவர் எனப்பட்ட சமூகத்து இளைஞருக்கு மணமுடிக்க ஏற்பாடு செய்தபோது, கடவுள் பெயருக்குப் பதில் உண்மையின் பெயரில் அதை நடத்தி வைக்கவும் காந்தி சம்மதித்தார். அதற்குள் அவர் சுடப்பட்டார். கல்யாணம் 1948 மார்ச்சில் சேவாகிராமத்தில் நடந்தது.

ஒரு விஷயத்தில் நம்பிக்கை இல்லாதவருக்குத்தான் அனுகூலம் என்றுகூடச் சொல்வேன். 1933 மே மாதம் 21 நாள் உண்ணாவிரதத்தை உள்குரல் கேட்டு ஆரம்பித்ததாகக் காந்தி சொன்னார். உள்குரலோடு யாரும் வாதாட முடியாது. அதற்கு முந்தைய வருடம் எரவாடா சிறையில் அவர் இருந்த உண்ணாவிரதத்தின் மறுமுனையில் அம்பேத்கர் இருந்தார். தாழ்த்தப்பட்டோர் தங்கள் பிரதிநிதியைத் தாங்களே தேர்ந்தெடுக்கும் தனி வாக்காளர் தொகுதி முறையை விட்டுக்கொடுத்துப் பூனா ஒப்பந்தத்தில் கையெழுத்திட வேண்டி வந்தது. யாரும் அவரைத் தொடவில்லை, ஆனாலும் அது கட்டாயமே என்று அவர் கடைசிவரை சொன்னார். அமெரிக்க இறையியலாளர் ரைன்ஹோல்ட் நீபரும் அதே 1932இல் அகிம்சையும் நிர்ப்பந்தம்தான், அதனாலும் அப்பாவிகள் கஷ்டப்படுகிறார்கள் என்று எழுதினார். இந்தியாவில் பிரிட்டிஷ் துணி பகிஷ்கரிப்பு நடந்தால் மான்செஸ்டர் நெசவாளியின் குழந்தை பசியில் கிடக்கிறது என்பது அவர் காட்டிய உதாரணம்.

அம்பேத்கர் மகாத் பொதுக்குளத்தில் தாழ்த்தப்பட்டோர் தண்ணீர் எடுக்கும் உரிமைக்காக 1927இல் சத்தியாகிரகம் நடத்தியவர். பௌத்தத்துக்குப் போனவர். ஆனால் புத்தரின் அகிம்சையை விளக்கும்போது கொல்லும் விருப்பம் வேறு, கொல்ல வேண்டிய தேவை வேறு என்று பிரித்தார், புத்தர் தடுத்தது முன்னதைத்தான் என்றார். தேவை என்று யார் தீர்மானிப்பது என்ற ஓட்டை அதில் பெரிதாகவே இருக்கிறது. ஆனால் அந்த ஓட்டையைச் சபையில் வைத்துக் காரணம் காட்டி வாதாடலாம், எதிராளியும் பதில் சொல்லலாம். கடவுளிடம் மட்டும் கணக்குக் கொடுப்பவரைவிட, தன் அகிம்சையால் கஷ்டப்படப்போகிறவர்களிடம் கணக்குக் கொடுக்க வேண்டியவரையே நான் அரசியலில் அதிகம் நம்புவேன். அதற்கு ஆத்திகர், நாத்திகர் இருவருமே தகுதியானவர்கள்.