இரண்டாவது சாக்கெட்டுக்குப் பணம் போடும் முன்: கேள்வி-பதில்

சர்வர்களிலிருந்து கழற்றிய இன்டெல் ஜீயான், ஏஎம்டி ஈபிக் பிராசஸர்கள் செகண்ட் ஹேண்ட் சந்தையில் குவிந்து கிடக்கின்றன. வீட்டுக் கணினியிலும் இரண்டு சாக்கெட் (பிராசஸர் உட்காரும் இடம்) உள்ள போர்டு வாங்கி இரண்டு பிராசஸர் போட்டால் என்ன என்று பலருக்கும் ஆசை வந்திருக்கிறது. இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை அதைப் பற்றித்தான். சுருக்கித் தருகிறேன்.

என்னிடம் ரைசன் 7 இருக்கிறது. மதர்போர்டை மட்டும் மாற்றி, அதே மாதிரி இன்னொன்றைச் சேர்த்துக்கொள்ளலாமா?

முடியாது. ரைசன், இன்டெல் கோர், த்ரெட்ரிப்பர் எதுவுமே இன்னொரு பிராசஸரோடு சேர்ந்து ஓடாது. அதற்கான போர்டும் கிடையாது.

வீடியோ எடிட்டிங், 3டி ரெண்டரிங் செய்கிறேன். இரண்டு ஜீயான் இ5-2680 வி4, போர்டோடு சேர்த்து மலிவாக வருகிறது. “28 கோர், 67 கிகாஹெர்ட்ஸ்” என்று விளம்பரம். வாங்கலாமா?

முதலில் அந்த 67-ஐ அடித்துவிடுங்கள். 2.4-ஐ 28-ஆல் பெருக்கிப் போட்டிருக்கிறார்கள். கிகாஹெர்ட்ஸ் அப்படிக் கூடாது. இந்தச் சிப்பில் ஒரு கோர் எவ்வளவு முயன்றாலும் 3.3 கிகாஹெர்ட்ஸைத் தாண்டாது. இந்தக் கணக்கை எழுதி விற்பவரிடம் வேறு எதையும் வாங்காதீர்கள்.

அடுத்து, உங்கள் வேலையைப் பிரித்துப் பாருங்கள். ரெண்டர் போட்டுவிட்டால் படம் சின்னச் சின்னக் கட்டங்களாகப் பிரிந்து எல்லா கோருக்கும் போகும். 28-க்கும் வேலை இருக்கும். டைம்லைனை இழுப்பது, மாடலைத் திருப்பிப் பார்ப்பது போன்றவை பெரும்பாலும் ஒன்றிரண்டு கோர்களின் வேகத்தை நம்பித்தான் நடக்கும். அங்கே 2016-ல் வந்த இந்தச் சிப் இன்றைய நடுத்தர டெஸ்க்டாப் பிராசஸரிடமே தோற்கும். ரெண்டரிலும்கூட 16 கோர் உள்ள ரைசன் 9 7950எக்ஸ் ஒன்றே இந்த இரண்டையும் சேர்த்து முந்திவிடும்.

வாங்க நியாயமான காரணம் இருக்கிறது. பல விர்ச்சுவல் மெஷின்களை (ஒரே கணினிக்குள் தனிக் கணினிகள்போல ஓடுபவை) ஒரே நேரத்தில் ஓட்ட வேண்டும், 256 ஜிபி ராம் வேண்டும், நாலைந்து கார்டுகளைச் செருக வேண்டும் என்றால் இந்த ஜோடிக்கு ஈடு குறைவு. ஒவ்வொரு சிப்பும் கார்டுகளுக்கான தகவல் பாதையாக 40 பிசிஐ எக்ஸ்பிரஸ் லேன் தரும். உங்கள் வேலைக்கு அது தேவைப்படவில்லை. ஒரு நல்ல பிராசஸரை வாங்கி, மிச்சத்தை கிராஃபிக்ஸ் கார்டில் போடுங்கள்.

இ5-1650 வி4 இரண்டு வாங்கினேன். போர்டில் சரியாக உட்காருகிறது, ஆனால் ஆன் ஆகவில்லை. போர்டு கோளாறா?

இல்லை. பெயரில் கோட்டுக்குப் பின்னால் வரும் முதல் எண்ணைப் பார்த்தாலே தெரிந்திருக்கும்: 1 என்றால் தனியாக ஓடுவது, 2 என்றால் இரண்டு சேரும், 4 என்றால் நான்கு சேரும். ஈபிக்கில் பெயர் ‘பி’ என்று முடிந்தால் அதுவும் ஒற்றை சாக்கெட்டுக்கானது. போர்டு நிறுவனம் எந்தெந்தப் பிராசஸர் ஓடும் என்ற பட்டியலை இலவசமாகத் தருகிறது. இவ்வளவு பணம் போடுகிறவர் அதைத் திறந்துகூடப் பார்க்கவில்லை என்பது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

“நன்றாகச் சோதித்தது” என்று இரண்டு ஈபிக் பிராசஸர்களை விற்றார்கள். என் போர்டில் திரையே வரவில்லை. விற்றவர் தன் சர்வரில் அவை ஓடும் வீடியோவை அனுப்பி, “உன் போர்டுதான் சரியில்லை” என்கிறார். போர்டை ஒருவரிடம் காட்டினேன், அது நன்றாக இருக்கிறதாம். நான் ஏதாவது தப்பு செய்தேனா?

நீங்கள் ஒரு தப்பும் செய்யவில்லை. நடந்தது பெரும்பாலும் இதுதான்.

ஈபிக் சிப்புக்குள் ஒருமுறை எரித்தால் திரும்பாத சின்னச் சின்ன ஃபியூஸ்கள் இருக்கின்றன. ஏஎம்டியின் ‘பிளாட்ஃபார்ம் செக்யூர் பூட்’ வசதியை சர்வர் நிறுவனம் பயன்படுத்தினால், தன் டிஜிட்டல் கையெழுத்துக்கான சாவியை அந்த ஃபியூஸ்களில் எரித்துவிடும். அதற்குப் பிறகு அந்தக் கையெழுத்து உள்ள பயாஸை (ஆன் செய்ததும் போர்டில் முதலில் ஓடும் மென்பொருள்) மட்டுமே சிப் ஏற்கும். வேறு நிறுவனத்தின் போர்டில் வைத்தால் உயிரே வராது. பூட்டை எடுக்க வழி கிடையாது.

நோக்கம் கெட்டதல்ல. யாராவது பயாஸை மாற்றி எழுதிவிடாமல் காப்பதற்காக வந்தது. டேட்டா சென்டருக்கு அது தேவை. என் கோபம் அதற்குப் பிறகு நடப்பதைப் பற்றி. சில ஆண்டுகள் உழைத்த பிறகு அதே சிப் சந்தைக்கு வருகிறது. மேல் மூடியில் மாடல் பெயர் இருக்கிறது, வரிசை எண் இருக்கிறது. பூட்டப்பட்டது என்பதற்கு ஒரு புள்ளி அடையாளம்கூட இல்லை. பூட்டிய சிப்பும் பூட்டாத சிப்பும் கையில் ஒன்றுபோலவே இருக்கும். பூட்டியவர் லாபத்தோடு ஒதுங்கிவிட்டார், கழற்றி விற்றவரும் பணத்தை வாங்கிவிட்டார். நஷ்டம் முழுவதும் கடைசியில் வாங்கிய உங்கள் தலையில். ஓடும் சிப் ஒன்று இப்படிக் குப்பைக்குப் போவதும் அநியாயம். பூட்டும்போதே மூடியில் ஒரு குறி போட வேண்டும் என்று கட்டாயமாக்காதவரை இது நிற்காது.

விற்றவருக்கு இப்படி எழுதுங்கள்: “இவை எந்த நிறுவனத்தின் சர்வரிலிருந்து கழற்றியவை? வேறு நிறுவன போர்டில் ஓட்டிப் பார்த்தீர்களா?” பதில் எழுத்தில் வரட்டும். பூட்டு இருப்பதைச் சொல்லாமல் ‘நல்ல நிலை’ என்று விற்றது குறையை மறைத்து விற்றதுதான். பணத்தைத் திருப்பிக் கேட்க உங்களுக்கு முழு நியாயம் இருக்கிறது. விட்டுக்கொடுக்காதீர்கள்.

நான்கு ராம் இருக்கிறது. எல்லாவற்றையும் முதல் பிராசஸர் பக்கமே செருகிவிட்டால் போதாதா?

போதாது. ஒவ்வொரு பிராசஸருக்கும் ராமைக் கையாளத் தனி மெமரி கன்ட்ரோலர். ஒரு பக்கம் காலியாக இருந்தால் இரண்டாவது பிராசஸர் ஒவ்வொரு தடவையும் முதலாவதன் வழியாகப் போய்த்தான் தகவலை எடுக்க வேண்டும். பக்கத்துக்கு இரண்டாகப் போடுங்கள். இ5 வரிசைக்குப் பக்கத்துக்கு நான்கு போட்டால் முழு வேகம். சர்வருக்கான ரெஜிஸ்டர்டு ராமையும் சாதாரண ராமையும் கலக்காதீர்கள். போர்டு ஆன் ஆகாது.

பவர் சப்ளையில் பிராசஸருக்கான 8 பின் வயர் ஒன்றுதான் இருக்கிறது. கிராஃபிக்ஸ் கார்டு வயரும் 8 பின் தானே? கொஞ்சம் அழுத்தினால் நுழைகிறது.

அழுத்தாதீர்கள்! பிராசஸர் வயரில் 12 வோல்ட் வரும் இடத்தில் கிராஃபிக்ஸ் வயரில் கிரவுண்டு இருக்கிறது. ஆன் செய்ததும் ஷார்ட் ஆகும். இரண்டு பிராசஸர் வயரோடு வரும் பவர் சப்ளையை வாங்குங்கள்.

வாங்கும்போது டப்பாவில் பெரிதாக எழுதியிருக்கும் வாட்டை நம்பாமல், பக்கவாட்டு ஸ்டிக்கரில் 12 வோல்ட் வரிசையில் உள்ள ஆம்பியரைப் பாருங்கள். 62 ஆம்பியர் என்றால் 12-ஆல் பெருக்கி 744 வாட். என்னிடம் விற்கப்பட்ட ஒன்றில் இந்தக் கணக்கு டப்பாவில் சொன்னதில் பாதிகூட வரவில்லை. ரெண்டர் தொடங்கியதும் கணினி அணைந்துவிடும். மாற்றித் தரவும் மறுத்துவிட்டார்கள்.

போர்டு கேபினட்டுக்குள் நுழையவில்லை. திருப்பி எடுக்க மாட்டேன் என்கிறார் விற்றவர்.

30.5 × 33 செ.மீ. என்று விவரத்தில் போட்டிருந்ததாக நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் விற்றவர் மேல் குறை சொல்ல முடியாது. ‘எஸ்எஸ்ஐ-இஇபி’ என்ற இந்த போர்டு அளவைத் தாங்கும் கேபினட் வாங்குங்கள். திருகு ஓட்டைக்கு நேராக வராத ஸ்டாண்டாஃப்களை (போர்டைத் தாங்கும் சின்ன உலோகக் கால்கள்) கழற்றிவிட்டுப் போர்டை வையுங்கள். அவை அடியில் பட்டால் போர்டு கெடும்.

விண்டோஸில் ஒரு பிராசஸர்தான் காட்டுகிறது. பயாஸில் இரண்டும் தெரிகிறது. ஏமாந்துவிட்டேனா?

இல்லை. உங்களிடம் இருப்பது ஹோம் பதிப்பாக இருக்கும். அது ஒரு சாக்கெட்டோடு நின்றுவிடும். ப்ரோ இரண்டை ஏற்கும், லினக்ஸில் இந்தக் கட்டுப்பாடே இல்லை. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது, விண்டோஸ் 11-இன் அதிகாரபூர்வப் பட்டியலில் இ5 வரிசை இல்லை. இதையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

மூடியில் ‘இன்டெல் கான்ஃபிடென்ஷியல்’ என்று அச்சிட்ட பிராசஸர் பாதி விலைக்கு வருகிறது.

வேண்டாம். அது சோதனை மாதிரி, விற்பனைக்கானதல்ல. வாரண்டியும் கிடையாது.

போர்டு வந்து பிரித்துப் பார்த்தால் சாக்கெட்டில் பின் வளைந்திருக்கிறது. “நீங்கள்தான் வளைத்தீர்கள்” என்கிறார்கள்.

இந்த அநியாயம் எனக்கும் நடந்திருக்கிறது. படத்தில் சாக்கெட் மூடியோடு இருந்தது. வந்த பிறகு மூடியை எடுத்து டார்ச்சைச் சாய்த்துப் பிடித்தேன். நாற்று நட்ட வயல்போல வரிசை சீராக மின்ன வேண்டிய இடத்தில், ஓரத்தில் இரண்டு பின்கள் படுத்திருந்தன. அந்தப் பக்கத்து ராம் ஸ்லாட்டுகள் கடைசிவரை வேலை செய்யவில்லை.

உங்களிடம் பிரிக்கும்போது எடுத்த வீடியோ இருந்தால் உடனே அனுப்பி, பணம் கட்டிய தளத்திலும் புகார் பதிவு செய்யுங்கள். இல்லாவிட்டாலும், விற்பனைப் படத்தில் இரண்டு சாக்கெட்டும் மூடியே இருந்ததைக் காட்டி, அனுப்புவதற்கு முன் எடுத்த திறந்த சாக்கெட் படத்தைக் கேளுங்கள். நேர்மையாக விற்பவரிடம் அந்தப் படம் இருக்கும்.