இடையில் புது ஒப்பந்தம் அடித்துக் கையெழுத்து வாங்கினால் போதுமா?

கேள்வி இதுதான்: யாழ்ப்பாணத்தில் 5 பேரோடு தொடங்கிய கணினிக் கடையில் இப்போது 17 பேர் வேலை செய்கிறார்கள், ஒன்லைன் விற்பனை, வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுப்பது, ஞாயிறும் திறப்பது என்று வேலை முழுக்க மாறிவிட்டது, எல்லோருக்கும் புது ஒப்பந்தம் அடித்துக் கையெழுத்து வாங்கினால் போதுமா?

போதாது. அதுவும் "எல்லோருக்கும் ஒரே ஒப்பந்தம்" என்ற யோசனையை முதலில் விடுங்கள். நான் சட்டத்தரணி இல்லை. கொக்குவில் பக்கம் ஒரு அச்சகம் நடத்துகிறேன், இந்த விஷயத்தைக் காசு கட்டித்தான் படித்தேன்.

எங்களிடம் ஹைடெல்பேர்க் என்ற பழைய அச்சு மெஷின் ஓட்டிய ஒரு அண்ணை இருந்தார். கல்யாணக் கார்ட், பில் புத்தகம், இறந்தவருக்குச் செய்கிற அந்தியேட்டிக் கிரியையில் கொடுக்கிற கல்வெட்டு என்ற நினைவுப் புத்தகம் எல்லாம் அவர் கையால் வந்ததுதான். பிறகு டிஜிட்டல் மெஷின் வாங்கினோம், பழைய மெஷினுக்கு வேலை குறைந்தது, நானும் பெரிதாக யோசிக்காமல் அவரைக் கவுண்டரில் நிற்கவும் பார்சல் கொண்டுபோய்க் கொடுக்கவும் விட்டேன். அடிப்படைச் சம்பளத்தில் ஒரு ரூபாய் குறைக்கவில்லை, ஆனால் ஓவர்டைம் இல்லாமல் போனதால் கையில் கிடைக்கிற காசு நன்றாகக் குறைந்துவிட்டது. இரண்டு கிழமை வந்தார். பிறகு வரவில்லை. அவராகவே நின்றுவிட்டார் என்று நினைத்துக்கொண்டிருந்த எனக்கு, சில மாதம் கழித்து, வேலை போனவர்களின் வழக்கை விசாரிக்கிற தொழில் நியாய மன்றிலிருந்து கடிதம் வந்தது.

"நான் அவரை நிற்பாட்டவில்லையே" என்று சட்டத்தரணியிடம் சொன்னேன். அவர் என் நியமனக் கடிதத்தை வாசித்துவிட்டு, "இதில் அச்சு இயந்திர இயக்குநர் என்று போட்டிருக்கிறீர்கள், பார்சல் கொண்டுபோகிறவர் என்று எங்கே இருக்கிறது?" என்றார். ஒருவருடைய வேலையை அவர் சம்மதமில்லாமல் அடியோடு மாற்றி, அவர் நிற்க வேண்டிய நிலைக்குத் தள்ளினால், அதையும் நீங்கள் வேலையால் நிற்பாட்டியதாகவே கொள்ள இடமிருக்கிறது. வேலை போனவர் மன்றுக்குப் போக 6 மாத அவகாசம் உண்டு, எங்கள் அண்ணை அதற்குள்தான் போயிருந்தார். கடைசியில் பேசித் தீர்த்தோம். தொகையை இங்கே எழுத மனமில்லை, ஆனால் அந்தக் காசில் ஒரு நல்ல லமினேட்டிங் மெஷின் வந்திருக்கும். அதைவிட, ஊர்த் தேர் அன்று அவர் என்னைக் கண்டும் காணாத மாதிரிப் போனதுதான் எனக்கு இன்னும் உறுத்துகிறது.

உங்கள் கேள்வியில் 17 என்ற எண்தான் முதலில் கண்ணில் பட்டது. 15 பேர் என்பது நம்மூர்ச் சட்டத்தில் ஒரு வேலி மாதிரி. 15 பேரோ அதற்கு மேலோ வேலை செய்கிற இடத்தில், 180 நாளுக்கு மேல் வேலை செய்த ஒருவரை, ஒழுக்கக் குற்றம் அல்லாத காரணத்துக்காக, "வியாபாரம் மாறிவிட்டது, இனி உங்கள் வேலை தேவையில்லை" என்று அனுப்ப முடியாது. ஒன்றில் அவருடைய எழுத்துமூலச் சம்மதம் வேண்டும், அல்லது தொழில் ஆணையாளர் நாயகத்தின் அனுமதி வேண்டும். 1971ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கச் சட்டம் அது. வேலையை விட்டுப் போகும்போது கொடுக்க வேண்டிய பணிக்கொடை பற்றிய சட்டத்திலும் இதே 15தான் வருகிறது: 5 வருடம் முடித்தவருக்கு, மாதச் சம்பளக்காரர் என்றால், வருடத்துக்கு அரை மாதச் சம்பளம். ஆகவே, "கையெழுத்துப் போடாதவன் போகட்டும்" என்று நீங்கள் 5 பேரோடு இருந்தபோது சொல்லியிருந்தாலே பிழை, இப்போது சொன்னால் இன்னும் பெரிய பிழை.

அப்புறம், புது ஒப்பந்தம் என்று அடிக்கும்போது சிலர் செய்கிற ஒரு கெட்டித்தனம் இருக்கிறது. சேர்ந்த திகதியை இன்றைய திகதியாகப் போட்டு, திரும்பவும் 6 மாதம் தகுதிகாண் காலம் என்று எழுதுவார்கள். ஒருவர் எப்போதிருந்து உங்களிடம் வேலை செய்கிறார் என்பதை ஊழியர் சேமலாப நிதிக்கு மாதாமாதம் கட்டிய ஊழியர் பங்கு 8 வீதமும் முதலாளி பங்கு 12 வீதமும் சொல்லிவிடும். அதைச் செய்யாதீர்கள். பழைய நியமனக் கடிதம் அப்படியே இருக்கட்டும், அதன் திகதியைக் குறிப்பிட்டு, எந்தப் பந்தி மாறுகிறது, எப்போதிருந்து மாறுகிறது, மற்றவை எல்லாம் முன்பு போலவே தொடரும் என்று ஆளுக்கு ஒரு திருத்தக் கடிதம் கொடுங்கள். இரண்டு பிரதி, இரண்டிலும் இருவர் கையெழுத்து.

தமிழில் எழுதுங்கள். கொழும்பில் யாரோ நண்பரிடம் வாங்கிய ஆங்கிலக் கடிதத்தில் பெயரை மட்டும் மாற்றி அடிப்பது யாழ்ப்பாணத்தில் பாதிப் பேரின் பழக்கம், நானும் அதைத்தான் செய்தேன். எங்கள் பெடியன் ஒருவன் மூன்று வருடம் கழித்துத்தான் தன் கடிதத்தில் என்ன இருக்கிறது என்று தன் தங்கையிடம் கேட்டு அறிந்தான். என் கடிதத்தில் என்ன இருந்தது என்று எனக்கே முழுதாகத் தெரியாது, அது வேறு கதை.

எங்களுக்குச் சரியாக நடந்த மாற்றம் ஒன்றும் உண்டு. கல்வெட்டுப் புத்தக வேலை இப்போது பாதிக்கு மேல் கனடாவிலிருந்தும் லண்டனிலிருந்தும் வருகிறது. கனடாவில் விடியும்போது இங்கே பின்னேரம், அவர்கள் படம் மாற்று, பெயர் விடுபட்டுவிட்டது என்று வட்ஸ்அப்பில் வருகிற நேரத்தில் நாங்கள் கடை பூட்டியிருப்போம். டிசைன் செய்கிற நால்வரை 2 மணியிலிருந்து 10 மணி வரை வரச் சொல்ல வேண்டியிருந்தது. இந்த முறை முதலில் கேட்டேன். இரவில் பஸ் இல்லை என்றார்கள், போக்குவரத்துக் கொடுப்பனவு சேர்த்தோம். நல்லூர்த் திருவிழா 25 நாளும் இரவு முறை வேண்டாம் என்றார்கள், அதையும் கடிதத்தில் போட்டோம். மூன்று மாதம் பார்த்துவிட்டுத் தொடருவோம் என்று எழுதினோம். ஒருவர் முடியாது என்றார், வீட்டில் நோயாளி, அவரைப் பகலிலேயே விட்டோம். நால்வரும் ஆண்கள். பெண்களை இரவில் வேலைக்கு வைப்பதற்குச் சட்டத்தில் தனிக் கட்டுப்பாடுகள் உண்டு, அவரே சம்மதித்துக் கையெழுத்துப் போட்டாலும் அவை போகாது.

உங்கள் ஞாயிற்றுக்கிழமைக்கும் அதே கதைதான். கடை, அலுவலக ஊழியர் சட்டப்படி கிழமைக்கு 45 மணித்தியாலம், ஒன்றரை நாள் விடுமுறை, மேலதிக நேரத்துக்கு ஒன்றரை மடங்கு, அதுவும் கிழமைக்கு 12 மணித்தியாலத்துக்கு மேல் போகக்கூடாது. ஞாயிறு திறப்பதென்றால் ஆட்களை மாற்றி மாற்றி விட்டு, யாருக்கு எந்த நாள் விடுமுறை என்று எழுதுங்கள். குறைந்தபட்சச் சம்பளத்தையும் பாருங்கள், 2025 ஏப்ரலில் 27,000, 2026 ஜனவரியிலிருந்து 30,000. பழைய கடிதத்தில் அதைவிடக் குறைந்த தொகை இருந்தால் அதை மாற்ற யாருடைய சம்மதமும் தேவையில்லை, உடனே கூட்டிக் கொடுங்கள்.

இனிமேல் சேர்கிறவர்களுக்குக் கடிதத்தைக் கொஞ்சம் அகலமாக எழுதலாம்: "தகுதிக்கும் தரத்துக்கும் ஏற்ற வேறு பணி" என்பது நல்ல வரி. "நிர்வாகம் சொல்லும் எந்த வேலையும்" என்று எழுதுகிறவர்கள் உண்டு, அந்த வரியை நம்பி ஒரு கணக்காளரை நிலம் கூட்ட விட்டால் மன்றில் அது நிற்கும் என்று எனக்குத் தோன்றவில்லை.

தற்காலிக மாற்றம் என்றால் முடிவுத் திகதி கட்டாயம் போடுங்கள். 2022இல் கரண்ட் போய்ப் போய் வந்த காலத்தில், கரண்ட் இருக்கிற நேரம் வந்து வேலை செய்யுங்கள், மற்ற நேரம் வீட்டுக்குப் போங்கள் என்று வாயால் சொன்னேன். எல்லோருக்கும் சந்தோஷம். கரண்ட் சரியாக வரத் தொடங்கி ஒரு மாதம் கழித்தும் இரண்டு பேர் 11 மணிக்குத்தான் வந்தார்கள். கேட்டதற்கு, "நீங்கள்தானே ஐயா சொன்னீர்கள், எப்ப வரைக்கும் என்று சொல்லவில்லையே" என்றார்கள். என்னிடம் பதில் இருக்கவில்லை.