வாரத்துக்கு ஒருதரம்தான் தண்ணீர் விடுகிறேன், ஏன் அழுகுது?

திருகோணமலை உவர்மலையிலிருந்து ஒரு வாசகி கேட்கிறார்: “முகநூலில் பார்த்து, நுவரெலியாவிலிருந்து பதினொரு சின்னச் சக்குலன்ட் (தடித்த இலையில் நீர் சேமிக்கும் செடி) கன்றுகள் எடுப்பித்தேன். எல்லாம் ரோசாப்பூ வடிவம். ஏழு போய்விட்டன. அடி இலை கண்ணாடி மாதிரி ஆகி, தொட்டவுடன் கழன்று விழுகிறது. வாரத்துக்கு ஒருதரம்தான் தண்ணீர். என்ன மருந்து அடிக்கலாம்?”

மருந்து வேண்டாம். மிச்சம் நாலையும் இன்றைக்கே சாடியை விட்டு எடுங்கள். வேரைச் சுற்றி, பிழிந்தால் தண்ணீர் வரும் ஒரு கட்டி இருக்கும். அது தும்புச்சோறு, தேங்காய் மட்டைத் தூள். பாரம் குறையட்டும், வழியில் வாடாமல் இருக்கட்டும் என்று அதில் நட்டு அனுப்புகிறார்கள். மேலே காய்ந்து காட்டும், நடுவில் ஈரம் நிற்கும்.

வேரைக் கழுவாமல் விரலால் உதிர்த்துவிடுங்கள். தண்டு மண்ணிறமாக இருந்தால் ஸ்பிரிட்டில் துடைத்த பிளேட்டால் கீழிருந்து மெல்லிய துண்டுகளாக வெட்டிக்கொண்டு போங்கள். வெட்டுமுகத்தில் ஒரு மண்ணிறப் புள்ளிகூட இல்லாமல் வெளிர்பச்சை தெரியும்வரை நிறுத்தக்கூடாது. பிறகு நிழலில், காற்றுப்படும் இடத்தில் ஐந்து நாள் காயவிடுங்கள். மாரியில் பத்து நாள். காயம் தோல்கட்டிய பிறகே நடவேண்டும். வேர் வர இரண்டு மூன்று கிழமை ஆகும், அதுவரை தண்ணீர் இல்லை.

கலவை: பரும் ஆற்றுமணல் இரண்டு பங்கு, மிளகளவு செங்கல் துண்டு இரண்டு, கரித்துண்டு ஒன்று, கூட்டெரு ஒன்று. செங்கலை அரித்துத் தூளைக் கொட்டிவிடுங்கள். தூள்தான் சேறாகி அடைக்கும். கடற்கரை மணலைக் கிட்டவும் எடுக்காதீர்கள், உப்பு வேரைச் சுட்டுவிடும். அடியில் ஓட்டையுள்ள மூன்று அங்குல மண்சாடி போதும். கண்ணாடிக் கிண்ணத்தில் கூழாங்கல் பரப்பித் தருகிறார்களே, அது செடிக்குச் சவப்பெட்டி.

வாரக்கணக்கை விடுங்கள். ஓர் ஈர்க்கைச் சாடியின் அடிவரை குத்தி, பத்து நிமிடம் விட்டு இழுங்கள். ஈரமண் ஒட்டினால் தண்ணீர் இல்லை. ஒட்டாவிட்டால் அடி ஓட்டையால் வழியும்வரை விடலாம்.

இதில் ஒரு விலக்கு. கச்சான் என்ற வறண்ட காற்று வீசும் மாதங்களில் ஈர்க்கு காய்ந்து வந்தாலும் உடனே வாளியைத் தூக்காதீர்கள். நண்பகலில் எந்தச் செடியும் சோர்ந்துதான் தெரியும். விடிய ஐந்தரைக்குப் போய் நடுத்தட்டு இலையொன்றை இரு விரலால் மெல்ல அமத்திப் பாருங்கள். விறைப்பாக இருந்தால் அது தாகமல்ல, வெக்கை; நிழல்வலையின் கீழ் தள்ளி வைத்தால் போதும். விடியவும் தொளதொளவென்று இருந்தால் அன்று மாலை, வெயில் தாழ்ந்த பிறகு விடுங்கள். மண் ஈரமாயிருந்தும் இலை சுருங்கினால் வேர் போய்விட்டது, மறுபடி பிளேட்தான்.

இனி வாங்குவது பற்றி. ரோசா வடிவ எச்செவேரியாக்களில் பெரும்பாலானவை மெக்சிக்கோ மேட்டுநிலத்துச் செடிகள். பகலில் இலைத்துளையை மூடி, இரவில் திறந்து மூச்சு வாங்குபவை, இரவு குளிரவேண்டும். 1,868 மீற்றர் உயர நுவரெலியாவில் குளிரும். கோடையில் நமக்கு இரவும் பெரும்பாலும் 25 பாகையை விட்டு இறங்காது. “எந்த வெயிலும் தாங்கும்” என்று விற்பவர் அதைச் சொல்லமாட்டார். ஏழும் செத்ததும் அவரிடமே இன்னும் ஏழு வாங்குவீர்கள், அதுதான் அவர் வியாபாரம். பளிச்சென்ற நீலம், பொன் நிறச் செடியை நகத்தால் சுரண்டுங்கள், சாயம் வரும். நடுக்குருத்து பச்சையாக முளைக்கும். கள்ளியின் உச்சியில் வாடாத பூ இருந்தால் அடியில் பசை இருக்கிறதா பாருங்கள். சிவப்பு உருண்டைக் கள்ளி அபூர்வ இனமல்ல. பச்சையம் இல்லாத ஒன்றைப் பெரும்பாலும் டிராகன்பழத் தண்டில் ஒட்டியது.

வெளிநாட்டிலிருந்து “அன்பளிப்பு” என்று எழுதிக் கன்றோ விதையோ எடுப்பித்துத் தருகிறேன் என்பவருக்குக் காசு கட்டாதீர்கள். 1999ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கத் தாவரப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. இறக்குமதி அனுமதியும் அனுப்பும் நாட்டின் தாவரச் சுகாதாரச் சான்றிதழும் வேண்டும். பொதி பிடிபட்டால் காசும் போச்சு. சட்டம் சரிதான், ஆனால் மூன்று கன்றுக்காகப் படிவங்களோடு மல்லுக்கட்ட யாருக்குப் பொறுமை? அந்த அலுப்பில்தான் தரகர் பிழைக்கிறார்.

ஹவோர்த்தியா, கஸ்தேரியா, அடீனியம், நம்மூர் மருள் இவை இங்கே நிற்கும். உங்கள் நாலையும் கிழக்கு விறாந்தையில் மூன்று மணிநேரக் காலை வெயிலில் வையுங்கள். ஒக்டோபரிலிருந்து ஜனவரி முடியும்வரை மழைச்சாரல் படாத கூரைக்குள்.