பாஸ் சதவீதம் போதுமா? பள்ளி எவ்வளவு கற்றுக்கொடுத்தது என்று எப்படிக் கணக்கிடுவது?

கேள்வி: கொருக்குப்பேட்டையில் ஒரு மாநகராட்சி உயர்நிலைப் பள்ளியில் என் மகள் ஆறாவது படிக்கிறாள். நான் பள்ளி மேலாண்மைக் குழுவில் உறுப்பினர். பக்கத்தில் இருக்கும் தனியார் பள்ளி வருஷா வருஷம் 100 சதவீதம் என்று பேனர் வைக்கிறது. எங்கள் பள்ளியில் பத்தாவதில் சிலர் ஃபெயிலாகிறார்கள். கூட்டத்தில் கேட்டால், "வர்ற பிள்ளைங்க அப்படிம்மா, நாங்க என்ன பண்றது" என்கிறார்கள். பள்ளி ஒழுங்காக நடக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? யாரிடம் கணக்குக் கேட்பது?

பதில்: சகோதரி, பேனரில் உள்ள 100-ஐ வைத்து முடிவுக்கு வராதீர்கள். அந்தப் பதிலையும் அப்படியே ஏற்றுக்கொள்ளாதீர்கள். பிள்ளை உள்ளே வரும்போது அதற்கு என்ன தெரிந்திருந்தது, அதற்கு மேல் பள்ளி எவ்வளவு சேர்த்தது என்பது இரண்டிலுமே இல்லை.

சேர்க்கையின்போதே தேர்வு வைத்து நன்றாகப் படிக்கும் பிள்ளைகளாகப் பார்த்து எடுத்துக்கொண்டு, ஒன்பதாவதில் தேறமாட்டான் என்று தோன்றுகிறவனுக்கு டி.சி. கொடுத்து அனுப்பினால் 100 வந்துவிடும். எட்டாவது வரை சேர்க்கைத் தேர்வே கூடாது என்கிறது 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம். அப்படி வெளியே போகும் பிள்ளை கடைசியில் வந்து சேருவது உங்கள் பள்ளி மாதிரியான இடத்துக்குத்தான். அந்தப் பிள்ளையையும் சேர்த்துக்கொண்டு பாடம் நடத்தும் பள்ளியைப் பாஸ் சதவீதத்தை மட்டும் வைத்து மட்டம் தட்டுவது அநியாயம்.

அதற்காகக் கேள்வியே கேட்காமல் இருக்க முடியாது. அங்கன்வாடியில் மாதாமாதம் குழந்தையின் எடையை அட்டையில் குறிப்பார்கள் இல்லையா, அங்கே கோடு மேலே போகிறதா என்றுதான் பார்ப்போம். எடை குறைவாகப் பிறந்த குழந்தைக்கும் கோடு ஏறியாக வேண்டும். படிப்பிலும் அப்படித்தான். வருகிற பிள்ளைகள் பின்தங்கியவர்கள் என்றால், ஜூனில் எங்கே இருந்தார்கள், பிப்ரவரியில் எங்கே வந்தார்கள் என்று பள்ளி காட்டட்டும்.

காலாண்டு, அரையாண்டு மார்க்கை வைத்து இதைப் பார்க்க முடியாது. வினாத்தாள் வேறு, பாடம் வேறு. காலாண்டில் 50, அரையாண்டிலும் 50 என்றால் பிள்ளை எதுவுமே கற்கவில்லை என்று ஆகிவிடாது. வளர்ச்சியைப் பார்க்க ஒரே அளவிலான சோதனையை, அதே பிள்ளைகளிடம், இரண்டு முறை வைக்க வேண்டும்.

சோதனை எளிமையானதாக இருந்தால் போதும். ஆறாம் வகுப்பில் ஒவ்வொரு பிள்ளையையும் தனியாக உட்காரவைத்து, இரண்டாம் வகுப்புப் பாடத்தில் ஒரு பத்தியை வாசிக்கச் சொல்லலாம். எழுத்து மட்டும் தெரிகிறதா, சொல் வருகிறதா, பத்தி வருகிறதா, வாசித்ததற்குப் பொருள் சொல்கிறதா என்று நான்கு படி. கணக்கில் கடன் வாங்கிக் கழிப்பது, பிறகு வகுத்தல். 52-இல் 27-ஐக் கழிக்கச் சொன்னால் சில பிள்ளைகள் 35 என்று எழுதும். 2-இல் 7 போகாது என்பதால் 7-இல் 2-ஐக் கழித்துவிட்டது. இன்னொரு பிள்ளை தாளை வெறுமையாகக் கொடுக்கும். இரண்டுக்கும் பூஜ்யம்தான் மார்க். ஆனால் முதல் பிள்ளைக்குக் கழித்தல் தெரியும், கடன் வாங்குவது மட்டும்தான் பாக்கி. மார்க் போட்டு நிறுத்திவிடாமல், எந்தப் படியில் நிற்கிறது என்று குறித்தால்தான் அடுத்த வாரம் என்ன சொல்லிக்கொடுப்பது என்று ஆசிரியருக்குத் தெரியும்.

இது உங்கள் பள்ளிக்குப் புதிதாகவும் இருக்காது. 2022-இல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டத்தில் சிறு வகுப்புப் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்துத்தான் பாடம் நடத்துகிறார்கள். 6 முதல் 9 வரை உள்ளவர்களுக்கு 2025-இல் வந்த 'திறன்' திட்டமும் அடிப்படைத் தேர்விலிருந்துதான் தொடங்கியது. ஆகவே பிள்ளைகள் தொடக்கத்தில் எந்தப் படியில் இருந்தார்கள் என்ற பதிவு பள்ளியிலேயே இருக்கும். கேட்டால்தான் வெளியே வரும்.

கணக்கைப் பார்க்கும்போது ஒன்றை மட்டும் விடாதீர்கள். ஐந்து பிள்ளைகள் 20, 30, 50, 60, 70 எடுத்தால் சராசரி 46. முதல் இருவரும் பள்ளியை விட்டுப் போய்விட்டால் சராசரி 60. ஒரு பிள்ளைகூட ஒரு மார்க்கும் கூடுதலாக எடுக்கவில்லை, ஆனாலும் பள்ளி முன்னேறிவிட்டது போலத் தெரியும். வடசென்னையில் இதைக் கவனித்தே ஆக வேண்டும். வாடகை ஏறினால் குடும்பம் மாதவரம் பக்கம் போகிறது, வீட்டை இடித்தால் பெரும்பாக்கம் போகிறது. இரண்டு சோதனையும் எழுதிய பிள்ளைகளை மட்டும் ஒப்பிடச் சொல்லுங்கள். நடுவில் போனவர்கள் எத்தனை பேர், எங்கே போனார்கள் என்பதைத் தனியாகக் கேளுங்கள். பெயர் நீக்கப்பட்டு எந்தப் பள்ளியிலும் சேராத பிள்ளை ஒன்று இருந்தாலும், எனக்கு அது எந்தச் சதவீதத்தையும்விடப் பெரிய விஷயம்.

ஆசிரியரைத் தூக்கில் போட இந்தக் கணக்கைப் பயன்படுத்தாதீர்கள் என்று மன்றாடிக் கேட்கிறேன். அமெரிக்காவில் டென்னசி மாநிலம் 1992-லேயே சட்டம் போட்டு, மாணவர் வளர்ச்சியை வைத்துப் பள்ளிகளையும் ஆசிரியர்களையும் மதிப்பிடத் தொடங்கியது. பிறகு நாடு முழுக்கத் தேர்வு மார்க்கை வைத்துப் பள்ளிகளுக்கு நெருக்கடி கூடியது. அட்லாண்டாவில் ஆசிரியர்களே பிள்ளைகளின் விடைகளைத் திருத்தினார்கள், 2015-இல் 11 பேர் குற்றவாளிகள் எனத் தீர்ப்பானது. மாணவர் மார்க்கில் காணும் ஏற்றத்தாழ்வில் ஆசிரியரின் பங்கு 1 முதல் 14 சதவீதம் வரைதான் என்று பெரும்பாலான ஆய்வுகள் காட்டுவதாக அமெரிக்கப் புள்ளியியல் சங்கம் 2014-இல் சொன்னது. ஆசிரியர் முக்கியமில்லை என்று இதற்குப் பொருள் இல்லை. முப்பது பிள்ளைகள் உள்ள ஒரு வகுப்பின் ஒரு வருஷக் கணக்கை வைத்து ஓர் ஆளை எடைபோட முடியாது, அவ்வளவுதான். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளமும் எண்ணூர்ப் பக்கம் எண்ணெய்க் கசிவும் வந்த வருஷத்தை வேறு வருஷத்தோடு ஒப்பிட்டால் என்ன கிடைக்கும்? இரண்டு மூன்று வருஷக் கணக்கைச் சேர்த்து, உங்கள் பள்ளிக்கு வருவது போன்ற பிள்ளைகளே வரும் கொடுங்கையூர், வியாசர்பாடிப் பள்ளிகளோடு வைத்துப் பாருங்கள்.

கோடு ஏறவில்லை என்றால் முதலில் ஆசிரியர் பணியிடங்களைப் பாருங்கள். அரசு நடத்தும் பள்ளியில் அனுமதிக்கப்பட்ட இடங்களில் 10 சதவீதத்துக்கு மேல் காலியாக இருக்கக் கூடாது என்கிறது அதே கல்வி உரிமைச் சட்டம். 6 முதல் 8 வரை 35 பிள்ளைகளுக்கு ஓர் ஆசிரியராவது வேண்டும். மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, பேரிடர் நிவாரணம், தேர்தல் ஆகிய மூன்றைத் தவிர வேறு வெளிவேலைக்கு ஆசிரியரை அனுப்பக் கூடாது. கணக்கு ஆசிரியர் இல்லாத வகுப்பில் கணக்கு வளரவில்லை என்றால் பதில் சொல்ல வேண்டியவர் வகுப்பறையில் இல்லை, மேலே இருக்கிறார். ஆசிரியர் இருந்தும், பிள்ளைகள் வந்தும், ஒரே பாடத்தில் இரண்டு வருஷமாக யாருமே படி ஏறவில்லை என்றால் தலைமை ஆசிரியரிடம் நேராகக் கேளுங்கள். அதற்கு உங்களுக்கு முழு உரிமை உண்டு.

பள்ளி மேம்பாட்டுத் திட்டம் தயாரிப்பது உங்கள் குழுவின் சட்டப்படியான வேலை. அடுத்த கூட்டத்தில் ஒரே ஒரு தீர்மானம் போதும்: ஒவ்வொரு வகுப்பிலும் தமிழ் வாசிப்பிலும் கணக்கிலும் ஜூனில் எந்தப் படியில் எத்தனை பேர், பிப்ரவரியில் எத்தனை பேர் என்ற அட்டவணையைத் திட்டத்தில் சேர்க்க வேண்டும். பிள்ளைகளின் பெயர் வேண்டாம், எண்ணிக்கை மட்டும். தன் பிள்ளை எந்தப் படியில் இருக்கிறது என்பதைப் பெற்றோர் ஆசிரியரிடம் தனியாகக் கேட்டுக்கொள்ளலாம். சுவரில் ஒட்டி யாரையும் கூனிக்குறுக வைக்கக் கூடாது.

தீர்மானத்தை மினிட்ஸ் நோட்டில் எழுதச் சொல்லி, நீங்களே படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போடுங்கள். கொடுக்க மாட்டோம் என்றால் ரிப்பன் மாளிகையில் உள்ள மாநகராட்சிக் கல்வித் துறைக்கு மனு கொடுங்கள். அதற்கும் பதில் வராவிட்டால் 2005-ஆம் ஆண்டின் தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய்க் கட்டணத்தோடு பொதுத் தகவல் அலுவலருக்கு விண்ணப்பம் போடுங்கள். 30 நாளைக்குள் அவர் பதில் தந்தாக வேண்டும்.