பட்டறைக் கேள்வி பதில்: கட்டைக்குள் நிற்கும் மான்

சென்ற இதழில் ஒரே மரக்கட்டையிலிருந்து அறுத்தெடுத்த மான் உருவத்தின் படத்தை வெளியிட்டிருந்தோம். அதையொட்டி வந்த கடிதங்களுள் சிலவற்றுக்கு இங்கே பதில் அளிக்கிறோம்.

ஸ்க்ரோல் சா என்பது பலகையில் எழுத்தும் பூவேலையும் அறுக்கும் இயந்திரம் என்றுதான் நினைத்திருந்தேன். நான்கு கால்களும் கொம்புமாக நிற்கும் மானை அதில் எப்படி அறுத்தார்கள்? கிறிஸ்துமஸ் மரத்தில் தொங்கவிடச் சில உருவங்கள் செய்ய விரும்புகிறேன்.
– வாசகர், நாகர்கோவில்

ஒரே கட்டையை அடுத்தடுத்த இரண்டு முகங்களிலிருந்து அறுப்பதுதான் இதன் சூட்சுமம்; 'காம்பவுண்ட் கட்' என்று இதைச் சொல்கிறார்கள். ஒன்றரை அங்குலச் சதுரமும் மூன்று அல்லது நான்கு அங்குல நீளமும் உள்ள கட்டை போதும். எதிரிலிருந்து பார்த்தால் தெரியும் மானையும் பக்கவாட்டில் தெரியும் மானையும் ஒரே தாளில், ஒரே உயரத்தில் அருகருகே வரைந்துகொண்டு, இடையிலுள்ள கோட்டில் தாளை மடித்து, அந்த மடிப்பு கட்டையின் விளிம்பின் மேல் சரியாக உட்காரும்படி ஒட்ட வேண்டும். அப்போதுதான் ஒரு முகத்தில் காது இருக்கும் உயரத்திலேயே மறு முகத்திலும் காது இருக்கும். முதல் முகத்தின் கோட்டை அறுத்து முடித்ததும் துண்டுகளை அப்படியே பழைய இடத்தில் பொருத்திக் கட்டையைச் சுற்றி டேப் ஒட்டி, கட்டையைக் கால் சுற்றுத் திருப்பி, இரண்டாம் முகத்தை அறுக்க வேண்டும். முன்முகத்தில் கால்களுக்கு நடுவே அறுத்த சந்தும், பக்க முகத்தில் முன்னங்கால்களுக்கும் பின்னங்கால்களுக்கும் நடுவே அறுத்த சந்தும் குறுக்காகச் சந்திப்பதால்தான் இரண்டு கால்கள் நான்காகின்றன.

இதில் புதிதாகத் தொடங்குபவர்கள் எல்லோரும் செய்யும் தவறு ஒன்று உண்டு. முதல் அறுப்பு முடிந்தவுடன் உள்ளே என்ன வந்திருக்கிறது என்று பார்க்கும் ஆவலில் கழிவுத் துண்டுகளை உதறிவிடுகிறார்கள். யோசித்துப் பாருங்கள்: இரண்டாம் வரைபடம் ஒட்டியிருப்பது மானின் மேல் அல்ல, அந்தக் கழிவுத் துண்டின் மேல்தான். திருப்பி வைக்கும்போது கட்டை மேசையில் உட்காருவதும் எதிர்ப்பக்கக் கழிவின் மேல்தான். கழிவு போனால் கோடும் போயிற்று, தளமும் போயிற்று. ஆகையால் முதல் முகத்தை அறுக்கும்போதே ஒவ்வொரு பக்கமும் ஒரே தொடர்ச்சியான அறுப்பாக ஓடி, கழிவு பெரிய துண்டாக வரும்படி திட்டமிடுங்கள். பொடித் துண்டுகளாக வந்தால் அவற்றைத் திரும்ப அடுக்குவது பெரும்பாடு.

தொங்கவிடும் கொக்கிக்கான சிறு துளையைக் கட்டை கட்டையாக இருக்கும்போதே போட்டுவிட வேண்டும். அறுத்து முடித்த மானின் முதுகில் துளையிட முயன்றால் கால் ஒடியும்.

வரைபடத்தை ஒழுங்காகத்தான் ஒட்டினேன். கோட்டை விட்டு விலகாமல்தான் அறுத்தேன். ஆனாலும் உருவம் ஒரு பக்கம் சாய்ந்தும், ஒரு கால் தடித்தும் மறு கால் மெலிந்தும் வருகிறது. கை சரியில்லையா, இயந்திரம் சரியில்லையா?
– வாசகர், திருப்பூர்

பெரும்பாலும் பிளேடுக்கும் மேசைக்கும் இடையிலுள்ள கோணம்தான் சரியில்லை. கால் அங்குலப் பலகையை அறுக்கும்போது ஒரு பாகைச் சாய்வு கண்ணுக்கே தெரியாது. அதே சாய்வு 38 மில்லிமீட்டர் கனமுள்ள கட்டையில் மேல் முகத்துக்கும் கீழ் முகத்துக்கும் இடையே ஏறத்தாழ 0.66 மில்லிமீட்டர் விலகலைத் தரும். மூன்று மில்லிமீட்டர் தடிமனுள்ள மான் காலில் அது ஐந்தில் ஒரு பங்குக்கும் மேல்!

இயந்திரத்தில் பொறித்திருக்கும் பாகை அளவை நம்பாதீர்கள். சிறிய மூலைமட்டத்தைப் பிளேடோடு சேர்த்து வைத்துப் பார்ப்பது நல்லது. அதைவிட நல்ல சோதனை ஒன்று இருக்கிறது. கனமான ஒரு கட்டையை எடுத்து அதன் ஓரத்தில் இரண்டு மில்லிமீட்டர் ஆழத்துக்கு மட்டும் அறுங்கள். இயந்திரத்தை நிறுத்திவிட்டு, கட்டையை அப்படியே மேசையின் மேல் சுழற்றிப் பிளேடின் பின்புறத்துக்குக் கொண்டுபோய், அந்த வெட்டுத் தடத்தைப் பிளேடின் முதுகில் பொருத்திப் பாருங்கள். பிளேடு தடத்துக்குள் வழுக்கிக்கொண்டு நுழைந்தால் கோணம் சரி. நுழையாவிட்டால் மேசையைச் சற்றே சாய்த்துத் திருத்தி மீண்டும் சோதியுங்கள். கட்டை திரும்பி நிற்பதால் இருக்கும் பிழை இரட்டிப்பாகத் தெரியும் என்பதுதான் இச்சோதனையின் சிறப்பு.

கோணம் சரியாக இருந்தும் உருவம் கோணினால் கட்டையைப் பாருங்கள். நான்கு முகங்களும் ஒன்றுக்கொன்று செங்குத்தாக இழைக்கப்படாத கட்டையில் எவ்வளவு நல்ல கையும் தோற்கும். அதுவும் சரி என்றால், நீங்கள் அவசரப்படுகிறீர்கள் என்று பொருள். கட்டையைப் பக்கவாட்டில் அழுத்தித் தள்ளும்போது மெல்லிய பிளேடு நடுவில் வில்லாக வளையும். மேலும் கீழும் கோட்டில் நிற்க, நடுவில் மட்டும் அறுப்பு விலகிப் போகும். பிளேடை நன்றாக இழுத்துக் கட்டி, அது தானாக அறுத்துக்கொண்டு போகும் வேகத்துக்குக் கை இணங்க வேண்டும்.

அறுக்கும் இடமெல்லாம் மரம் கருகுகிறது. பிளேடும் அடிக்கடி ஒடிகிறது.
– வாசகர், திண்டுக்கல்

வரைபடத்தின் மேல், பெட்டிகளை ஒட்டப் பயன்படும் தெளிவான அகல டேப்பை ஒரு சுற்று ஒட்டிவிட்டு அறுத்துப் பாருங்கள். கருகல் வெகுவாகக் குறையும். பிளேடு மிக நுண்ணியதாக இருந்தாலும் கருகும், ஒடியும். ஒன்றரை அங்குலக் கனத்துக்கு 5ஆம் எண் அல்லது 7ஆம் எண், ஒரு பல்விட்டு ஒரு பல் அமைந்த பிளேடு ஏற்றது. நுண்ணிய பற்களுக்கிடையே தூள் அடைத்துக்கொண்டால் அது அறுக்காது, தேய்க்கத்தான் செய்யும். மழுங்கிய பிளேடை இன்னும் ஓர் உருவம், இன்னும் ஓர் உருவம் என்று இழுத்துப் போவதில் சிக்கனம் ஒன்றும் இல்லை.

எங்கள் ஊரில் தேக்குத் துண்டுகள் எளிதில் கிடைக்கின்றன. அவை ஆகுமா? வேறு எந்த மரம் நல்லது?
– வாசகர், செங்கோட்டை

ஆகும். ஆனால் தேக்கில் சிலிக்கா இருப்பதால் பிளேடு விரைவில் மழுங்கிவிடும். பழகும் காலத்தில் வேண்டாம். குமிழ் மென்மையானது, இழைக்கவும் எளிது. கிடைத்தால் வெட்பாலையை விடாதீர்கள். கர்நாடகத்தின் சென்னபட்டணத்திலும் ஆந்திரத்தின் எட்டிகொப்பாக்காவிலும் கடைசல் பொம்மைகளுக்கு அந்த மரத்தையே பயன்படுத்துகிறார்கள். வெளிறிய நிறமும் நெருக்கமான இழையும் கொண்டது. இறக்குமதிச் சரக்குப் பெட்டிகளின் பைன் கட்டையும் நன்றாக அறுபடும். ஆனால் அதில் 'எச்.டி.' (HT) என்ற முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். அது வெப்பத்தால் பூச்சி நீக்கப்பட்டது என்பதைக் குறிக்கும். 'எம்.பி.' (MB) என்றிருந்தால் மெத்தில் புரோமைடு வாயு ஏற்றியது. அதைத் தொட வேண்டாம். ஆணி இருக்கிறதா என்றும் தேடிவிடுங்கள்.

எந்த மரமானாலும் ரேகை கட்டையின் நீளவாக்கில் ஓட வேண்டும். நின்ற நிலையிலுள்ள மானின் கால்கள் அப்போதுதான் வலுவாக இருக்கும். குறுக்கு ரேகையில் அறுத்தால் பிஸ்கட் போல உதிரும்.

இரண்டு முகங்களிலும் முழு வட்டத்தை வரைந்து அறுத்தேன். உருண்டை வரும் என்று எதிர்பார்த்தேன். நான்கு விளிம்புகள் உள்ள ஏதோ ஒன்று வந்திருக்கிறது. எங்கே தவறினேன்?
– வாசகி, கும்பகோணம்

நீங்கள் எங்கும் தவறவில்லை. உங்களுக்கு வந்திருப்பது கணிதத்தில் புகழ்பெற்ற உருவம். இரண்டு உருளைகள் செங்குத்தாகக் குறுக்கிட்டால் பொதுவாக அமையும் பகுதி அது. அதன் கன அளவு, அதைச் சூழ்ந்த கனசதுரத்தில் மூன்றில் இரண்டு பங்கு என்று ஆர்க்கிமிடீஸ் கண்டார். அதே கனசதுரத்துக்குள் அடங்கும் உருண்டையோ ஏறத்தாழ 52 விழுக்காடுதான். ஆக, உங்கள் கையிலுள்ளதை உருண்டையாக்க ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு மரத்தை உப்புத்தாளாலும் அரத்தாலும் தேய்த்துத் தள்ள வேண்டும்.

இம்முறையில் உருவத்தை எந்த உயரத்தில் கிடையாக வெட்டிப் பார்த்தாலும் கிடைப்பது சதுரமோ செவ்வகமோதான். இதை எல்லை என்று பார்க்காமல் அதற்கேற்ற உருவங்களைத் தேர்ந்தெடுப்பதே என் யோசனை. சதுரங்கக் காய்கள், கோபுரம், விளக்குத் தூண், நட்சத்திரம், பனித்துளித் தொங்கல் போன்றவற்றில் அந்த நான்கு விளிம்புகளே அழகாகிவிடும். முழு உருண்டைதான் வேண்டும் என்றால் கடைசல் இயந்திரத்திடம் போய்விடுவது மேல்.

உள்ளே துளைகள் உள்ள கூண்டு போன்ற தொங்கல்களுக்கு எதை முதலில் அறுப்பது?
– வாசகர், கடலூர்

முதலில் இரண்டு முகங்களிலும் துளையிடுங்கள். அடுத்து ஒவ்வொரு முகத்திலும் உட்பகுதி அறுப்பு, கடைசியில் வெளிக்கோடு. வெளிக்கோட்டை முதலில் அறுத்தால் கட்டையின் பிடிமானம் போய்விடும். உட்புற அறுப்புக்கு முனையில் குறுக்கு ஊசி இல்லாத பிளேடு வேண்டும். ஊசியுள்ளது நுழையும் அளவுக்குத் துளையைப் பெரிதாக்கினால் வேலைப்பாடு கெடும்.

முடித்த உருவத்துக்கு என்ன பூசலாம்? தூரிகை சந்துகளுக்குள் நுழையவில்லை.
– வாசகி, மதுரை

தூரிகையை விட்டுவிடுங்கள். ஒரு கிண்ணத்தில் ஆளிவிதை எண்ணெயை ஊற்றி, உருவத்தைக் கொக்கியோடு முழுவதுமாக அதில் முக்கி எடுத்து, வடியவிட்டு, மிகுதியைத் துணியால் ஒற்றி எடுத்து இரண்டு மூன்று நாட்கள் தொங்கவிடுங்கள். எண்ணெய் தோய்ந்த அந்தத் துணியை மட்டும் சுருட்டி மூலையில் போட்டுவிடக் கூடாது. ஆளிவிதை எண்ணெய் காயும்போது வெப்பம் வெளிப்படும், சுருட்டிய துணி தானாகவே தீப்பற்றக்கூடும். கொடியில் விரித்துக் காயவைத்த பிறகே குப்பையில் போடுங்கள்.