அமெரிக்க வரிப் பேச்சுவார்த்தையில் அரசு மேல் ஜனங்களுக்கு ஏன் இத்தனை எரிச்சல்?

நான் பேரணாம்பட்டுக்காரன், தோல் தொழிலை நம்பி இருக்கிற ஊர். எங்கள் பக்கம் எரிச்சல் வரியால் மட்டும் வந்ததில்லை, என்ன நடக்கிறது என்றே சொல்லாமல் மாதக்கணக்கில் காக்க வைத்ததால் வந்தது.

2025 ஆகஸ்ட் 7-ல் இந்தியப் பொருட்கள் மேல் அமெரிக்கா 25 சதவீத வரி போட்டது, ரஷ்ய எண்ணெய் வாங்குகிறோம் என்று 27-ம் தேதி முதல் இன்னொரு 25 சேர்த்தது. சட்டப்படி இதைக் கட்டுவது அமெரிக்க இறக்குமதியாளர்தான், ஆனால் அவர் சும்மா கட்டுவாரா, விலையைக் குறை, இல்லையென்றால் ஆர்டர் நிற்கட்டும் என்பார். நின்றால் முதலில் போவது ஓவர்டைம். என் மனைவி ஷூவின் மேல்பாகம் தைக்கிற கம்பெனியிலிருந்து எட்டு மணிக்கு வீடு திரும்பும் பஸ் ஐந்தரைக்கே தெருமுனையில் வந்து நின்றது. இறங்கியவர்கள் யாரும் பேசவில்லை.

அரசுக்கும் சிக்கல் உண்டு. மக்காச்சோளம், சோயா, பால் பொருட்களுக்குச் சந்தையைத் திற என்றது அமெரிக்கா. நாலு மாடு வைத்துப் பால் ஊற்றுகிற என் மாமனார், அதை மட்டும் விடவே கூடாது என்கிறார். ஒரே வீட்டில் இரண்டு கட்சி!

அப்புறம் இந்தத் தேதி சொல்கிற பழக்கம். பிரிட்டனோடு போடும் வர்த்தக ஒப்பந்தத்தை 2022 தீபாவளிக்குள் முடிப்போம் என்றார்கள், கையெழுத்தானது 2025 ஜூலை 24. இழுத்தது கூடத் தப்பில்லை, பேரம் என்றால் இழுக்கும்தான். தேதி சொல்லாமல் இருந்திருக்கலாம்.